யானை எதற்காக வந்தது

கதை சொல்லும் வீடியோ கேம்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சி உண்டு. நாயகன் விரிந்த நிலத்தில் ஓடி வருகிறான். எதிரே இரண்டு பாறைகளுக்கு நடுவே, ஓர் ஆள் ஒருக்களித்தால் மட்டுமே நுழையக்கூடிய இடுக்கு தெரிகிறது. அதற்குள் தோளை உரசிக்கொண்டு மெல்ல நகர்ந்து மறுபுறம் வந்தால் புதியதோர் இடம் விரிகிறது. 2018இல் வெளியான ‘காட் ஆஃப் வார்’, 2020இல் வெளியான ‘ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக்’ ஆகியவற்றை ஆடியவர்கள் இந்த இடுக்குகளை மறந்திருக்க மாட்டார்கள். இவற்றைப் பார்த்து அலுத்துக்கொள்வது எளிது. ‘மறுபடியும் அதேதானா’ என்று சொல்லிவிட்டால் விமர்சனம் முடிந்துவிட்டதாகவே நமக்குத் தோன்றிவிடும்.

அந்த இடுக்கு அங்கே இருந்ததற்கு வலுவான காரணம் உண்டு. அடுத்த நிலப்பரப்பின் படங்களையும் ஒலிகளையும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றுவதற்கு இயந்திரத்துக்குச் சிறிது நேரம் தேவைப்பட்டது. பழைய கேம்கள் அந்த நேரத்தில் திரையைக் கறுப்பாக்கி ‘காத்திருக்கவும்’ என்று எழுதிக் காட்டின. ‘காட் ஆஃப் வார்’ தொடக்கம் முதல் இறுதிவரை கேமரா வெட்டே இல்லாத ஒரே காட்சியாக அமைக்கப்பட்டிருந்ததால் அதற்கு அந்த வசதியும் இல்லை. நாயகனின் வேகத்தைக் குறைக்க வேண்டும், அவன் பார்வையை மறைக்க வேண்டும், அவன் திரும்பி ஓடிவிடாமலும் தடுக்க வேண்டும். பாறை இடுக்கு இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் செய்துவிடுகிறது. 2007இல் வந்த ‘மாஸ் எஃபெக்ட்’ இதே வேலையை லிஃப்டுகளிடம் கொடுத்திருந்தது. அதன் லிஃப்டுகள் ஆமை வேகத்தில் ஏறுவதைப் பற்றி அக்காலத்தில் எழுந்த கேலிகள் கொஞ்சமல்ல.

என் அக்கா மகன் ஆடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் அமர்ந்து, இதென்ன எல்லா மலையிலும் ஒரே மாதிரி வெடிப்பு விட்டிருக்கிறது என்று கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: “இது லோடிங் சந்து மாமா. இங்க சண்டையெல்லாம் வராது, அடுத்த ஏரியா ஏறிட்டிருக்கு, அவ்வளவுதான்.” அவனும் அவன் நண்பர்களும் வைத்துக்கொண்ட பெயராக இருக்க வேண்டும். கதைகளில் மீண்டும் மீண்டும் வருவனவற்றுக்குப் பெயர் குறித்துவைப்பது என் நெடுநாள் வழக்கம். அதற்கென ஒரு நோட்டே இருக்கிறது. அதில் நான் எழுதிவைத்திருந்த பல பெயர்களைவிட இது மேலானது. பாறை, லிஃப்ட், குகை என்று கண்ணுக்குத் தெரிவது எதுவாயினும் சரி, அங்கே நடக்கும் வேலை எது என்பதை அந்தப் பெயர் சொல்லிவிடுகிறது.

ஒரு கதை மரபுக்குப் பெயர் வைப்பதில் இரண்டு வழிகள் உண்டு என்பது என் எண்ணம். தோற்ற ஒற்றுமையைப் பார்த்து வைக்கும் பெயர் ஒன்று. அது செய்யும் தொழிலைப் பார்த்து வைக்கும் பெயர் மற்றொன்று. முதல் வகையை எவரும் நாள் முழுவதும் வைத்துக்கொண்டே போகலாம். இரண்டாவது வகைக்குத்தான் படித்தவற்றைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது.

நாட்டார் கதை ஆய்வில் இந்த இரு வழிகளும் ஒரே ஆண்டில் நேருக்கு நேர் வந்து நின்றன. ஃபின்லாந்து அறிஞர் ஆன்டி ஆர்னே 1910இல் கதை வகைகளுக்கு எண்கொடுத்து ஓர் அட்டவணை வெளியிட்டார். அமெரிக்கரான ஸ்டித் தாம்ப்சன் அதை 1928இலும் 1961இலும் விரிவாக்கினார். ஜெர்மானியரான ஹான்ஸ்-யோர்க் ஊத்தர் 2004இல் திருத்தியமைத்தார். சிண்டரெல்லா கதை எந்த நாட்டில் எந்த உடையில் வந்தாலும் அதன் எண் 510ஏ. அட்டவணையாக இதைவிடப் பயனுள்ள ஒன்று அத்துறையில் இல்லை என்றே சொல்லலாம். ஆயினும் கதையில் வருவது விலங்கா, மந்திரப் பொருளா, முட்டாள் மனிதனா என்று பார்த்தே அது பெட்டி பிரிக்கிறது. அதே 1928இல் லெனின்கிராடில் ரஷ்ய அறிஞர் விளாதிமிர் பிராப் வெளியிட்ட நூல் இந்த முறையையே கேள்விக்குள்ளாக்கியது. அஃபனாசியெவ் தொகுத்த ரஷ்யக் கதைகளில் நூறு மாயக்கதைகளை எடுத்துக்கொண்ட அவர், ‘அரசன் நாயகனுக்குக் கழுகு கொடுக்கிறான், அது அவனை வேறு நாட்டுக்குச் சுமந்து செல்கிறது. கிழவன் குதிரை கொடுக்கிறான், அது சுமந்து செல்கிறது. மந்திரவாதி படகு கொடுக்கிறான், அதுவும் கொண்டுசேர்க்கிறது’ என்று அடுக்கிக்காட்டி, கொடுப்பவரும் கொடுக்கப்படும் பொருளும் மாறினாலும் செயல் ஒன்றே என்றார். இப்படி அவர் கண்ட செயல்கள் 31. ‘நீங்கல்’, ‘விலக்கு’, ‘விலக்கு மீறல்’ எனத் தொடங்கித் திருமணத்தில் முடியும் அந்த வரிசையில் கழுகும் இல்லை, குதிரையும் இல்லை.

பிராப்பை முதன்முறை படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு சற்றே குறைந்துபோனதற்கு நம் அகப்பாடல்களின் துறைக் குறிப்புகளே காரணம். தொகுத்தவர்களோ அவர்களுக்குப் பின் வந்தவர்களோ பாடல்களுக்கு அடியில் எழுதிச் சேர்த்த வரிகள் அவை. வரைவு கடாதல் (மணந்துகொள்ளத் தூண்டுதல்), இயற்பழித்தல், அறத்தொடு நிற்றல், உடன்போக்கு (வீட்டாருக்குத் தெரியாமல் தலைவனோடு செல்லுதல்), வெறி விலக்கல் (வெறியாட்டைத் தடுத்தல்) என்று அவற்றில் வரும் பெயர்களைப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாமே செயல்கள். ஒருவர் மற்றொருவரிடம் ஏதோ ஒன்றை நிகழ்த்துவதற்காகப் பேசும் பேச்சுகள். குறுந்தொகையின் மூன்றாம் பாடல், ‘நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று’ என்று தொடங்குவது, பள்ளிப் பாடநூல் வழியாகப் பலருக்கும் தெரியும். தனியே படித்தால் அது காதலின் அளவை வியந்து பாடிய பாட்டு. அதன் குறிப்போ, ‘தலைமகன் சிறைப்புறமாக, அவன் வரைந்து கொள்ளவேண்டித் தோழி இயற்பழித்தவழித் தலைமகள் இயற்பட மொழிந்தது’ என்கிறது. அவன் வேலிக்கு அப்பால் நிற்கிறான். அவன் காதில் விழட்டும் என்றே தோழி அவனைப் பழிக்கிறாள். தலைவி அவனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள். இவ்வளவும் அவன் விரைந்து மணம் பேச வரவேண்டும் என்பதற்காக. மூவர் நிற்கும் ஒரு மேடையும், யாருக்கு எது தெரியும் என்ற கணக்கும், பேச்சின் நோக்கமும் அந்த ஒரே வரிக்குள் அடங்கிவிடுகின்றன. செயல்களை வரிசைப்படுத்திய பிராப், அவற்றை யார் யாருக்குச் சொல்கிறார் என்று கேட்கவில்லை. அவர் எடுத்துக்கொண்ட கதைகளில் அந்தக் கேள்வி எழவும் இல்லை.

மாலை நேரத் தொலைக்காட்சித் தொடர்களிலும் சிறைப்புறம் உண்டு. கதவுக்குப் பின்னால் நின்று ஒருவர் ஒட்டுக்கேட்காத வாரம் இருக்கிறதா? ஆனால் அங்கே பேசுகிறவருக்குக் கேட்கிறவர் நிற்பது தெரியாது. தற்செயலாகக் காதில் விழும் பாதிச் செய்தியை வைத்துக்கொண்டு அடுத்த இருபது நாள் கதையை ஓட்டுவதே அங்கு அதன் வேலை. அகப்பாடலில் பேசுகிறவருக்கு எல்லாம் தெரியும். ‘மறைந்து கேட்டல்’ என்று இரண்டுக்கும் ஒரே சீட்டு ஒட்டினால் இந்த வேறுபாடு கண்ணில் படாமலே போய்விடும்.

அறத்தொடு நிற்றல் இதைவிட வளமான இடம். தலைவியின் காதலை வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டம் வரும்போது, தலைவி தோழிக்கும், தோழி வளர்ப்புத்தாயான செவிலிக்கும், செவிலி பெற்றதாயான நற்றாய்க்கும், அவள் தந்தைக்கும் தமையன்மாருக்கும் என அச்செய்தி படிப்படியாக ஏறிச் செல்லும். 261 அடிகள் கொண்ட கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுவதும் இந்தப் படிகளுள் ஒன்றே: தோழி செவிலியிடம் ‘அன்னாய் வாழி’ என்று தொடங்கிச் சொல்லும் ஒரே பேச்சு. பெண் மெலிகிறாள், நோயென்று எண்ணிய தாய் குறி கேட்டும் தெய்வங்களைப் பரவியும் வருந்துகிறாள், அப்போது தோழி வாய் திறக்கிறாள். தினைப்புனம் காக்கப் போனது, அருவியாடியது, 99 பூக்களைப் பறித்துக் குவித்தது என விரியும் அந்தப் பேச்சின் நடுவில் மதம்பட்ட களிறு ஒன்று வருகிறது, பெண்கள் நடுங்குகிறார்கள், தலைவன் அம்பெய்து அதை விரட்டுகிறான்.

ஆபத்திலிருந்து நாயகியை நாயகன் காப்பாற்றினான், காதல் மலர்ந்தது. தமிழ்த் திரைப்படம் பார்த்து வளர்ந்த எவருக்கும் பழகிப்போன காட்சி இது. யானை இருந்த இடத்தில் நான்கு ரவுடிகள், மலை இருந்த இடத்தில் ஒரு பேருந்து நிறுத்தம், அவ்வளவே மாற்றம். ஈராயிரம் ஆண்டுகளாக ஒரே தேய்வழக்கு என்று ஒருவர் சிரிக்கலாம். அந்தச் சிரிப்போடு நிறுத்திக்கொள்ள முடியாதபடி செய்கிறார்கள் பழைய உரையாசிரியர்கள். தோழி அறத்தொடு நிற்கும் முறைகளாகப் பூத்தரு புணர்ச்சி, புனல்தரு புணர்ச்சி, களிறுதரு புணர்ச்சி என மூன்றை அவர்கள் காட்டுகிறார்கள். எட்டாத பூவைப் பறித்துக் கொடுத்தான், வெள்ளத்திலிருந்து கரையேற்றினான், யானையிடமிருந்து காத்தான். பிராப்பின் கழுகும் குதிரையும் படகும்போல இங்கே பூவும் நீரும் யானையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து அமரக்கூடியவை. மூன்றும் ஒரே தலைப்பின் கீழ் வருவது அவை ஒரே வாதத்தைச் செய்வதால். ‘உன் மகளுக்கு உதவியவன், உயிர் காத்தவன் அவன், அவளை அவனுக்குக் கொடுப்பதே முறை’ என்பதே அந்த வாதம். யானை உண்மையிலேயே வந்ததா என்று செவிலி கேட்பதில்லை, நாமும் கேட்க வேண்டியதில்லை. தோழிக்கு ஒரு யானை தேவைப்பட்டது.

இப்போது பேருந்து நிறுத்தத்துக்கு வருவோம். அங்கே நடக்கும் சண்டை யாருக்கும் எடுத்துச் சொல்லப்படுவதில்லை. நம் கண்முன் காட்டப்படுகிறது. நாயகியின் பெற்றோருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர்களைச் சம்மதிக்கவைக்கப் படத்தின் பிற்பாதி முழுவதும் தனியே செலவாகும். அந்தச் சண்டை வாதாடுவது அரங்கில் அமர்ந்திருப்பவர்களிடம்: இவன் நாயகன், உங்கள் சீட்டுக்கு உரிய ஆள் இவன்தான் என்று. தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகளான இரு காட்சிகள் தொழிலில் இவ்வளவு விலகி நிற்கின்றன. என் நோட்டில் இவ்விரண்டும் இப்போது தனித்தனிப் பக்கங்களில் இருக்கின்றன.

திரைத்துறையினரின் சொந்தப் பேச்சில் இருக்கும் பெயர்கள் பெரும்பாலும் தொழிலைச் சொல்வனவாகவே இருப்பதில் வியப்பில்லை. ‘ஓப்பனிங் சாங்’, ‘லீட் சீன்’, ‘பில்டப்’, ‘இன்டர்வல் பிளாக்’ என்பவை கட்டடம் கட்டுபவர் தூண், விட்டம் என்று சொல்வதைப் போன்றவை. இன்டர்வல் பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நம் திரையரங்குகளில் பாதிப் படத்தில் விளக்கைப் போட்டு மக்களை வெளியே அனுப்புகிறார்கள். வெளியே போனவர்களைத் திரும்ப உள்ளே வரவைக்க வேண்டும். ஆகவே அந்தக் கணத்துக்கு முன் கதை ஒரு பெரிய முடிச்சைப் போட்டாக வேண்டும். அமெரிக்கப் படங்கள் இங்கே ஓடும்போது ஏதோ ஓர் உரையாடலின் நடுவில் விளக்கு எரிவதைக் கண்டவர்களுக்கு, இந்த மரபு எவ்வளவு தூரம் கட்டடத்துக்கும் பாப்கார்ன் கடைக்கும் கடன்பட்டது என்பது புரிந்திருக்கும்.

செய்பவர்கள் வைக்கும் பெயர்தான் எப்போதும் சிறந்தது என்று நான் முடித்துவிட மாட்டேன். தொழிலைச் செய்பவருக்கே தெரியாத ஒன்றை வாசகர் கண்டு பெயரிட்ட நிகழ்வும் உண்டு. 1994இல் வந்த ‘கிரீன் லான்டர்ன்’ சித்திரக்கதையின் 54ஆம் இதழில் நாயகன் வீடு திரும்பும்போது அவன் காதலியின் உடல் குளிர்சாதனப் பெட்டிக்குள் கிடக்கிறது. சித்திரக்கதை வாசகராக இருந்து பின்னர் அத்துறையிலேயே எழுத்தாளரான கெயில் சிமோன், கொல்லப்பட்ட, முடமாக்கப்பட்ட, ஆற்றல் பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களைப் பட்டியலிட்டு 1999இல் அதற்கு ‘குளிர்பெட்டிப் பெண்கள்’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். பெயர் ஒரு பொருளைச் சொல்வதுபோல் தோன்றினாலும் பட்டியல் சுட்டியது ஒரு செயலை. ஒருவன் சினங்கொண்டு புறப்பட வேண்டும். அதற்காக வேறொருத்தி சாகிறாள். அந்தச் சாவு அவளுடைய கதையின் பகுதியே அல்ல. எழுதியவர்கள் தனித்தனியே ஒவ்வொரு முறையும் நியாயமான காரணம் வைத்திருந்திருக்கலாம். யாருடைய கதைக்காக யார் விலை கொடுத்தார் என்பது பட்டியலாகப் பார்த்தால்தான் தெரியும். இதைப் படித்த பிறகு, புறநானூற்றில் 336ஆம் பாடல் தொடங்கி வரும் மகட்பாற்காஞ்சிப் பாடல்களுக்கு நான் திரும்பிப் போனேன். பெண் கேட்டு வேந்தர் வருகிறார்கள், தந்தை மறுக்கிறான், இவளால் இவ்வூர் என்னாகுமோ என்று புலவர் அஞ்சுகிறார். அவற்றில் அந்தப் பெண் பேசுவதில்லை. துறையின் பெயர் அதைச் சொல்லவில்லை. குளிர்பெட்டியைப் பற்றிப் படித்த கண் அதைப் பார்த்தது.

எதிர்த் திசையில் போன பெயரும் ஒன்று உண்டு. 2005ஆம் ஆண்டுப் படமொன்றைப் பற்றி 2007இல் எழுதிய விமர்சகர் நேதன் ராபின், சோர்ந்த நாயகனுக்கு வாழ்வின்மீது ஆசை வரவைப்பதற்கென்றே வரும் துள்ளலான பெண் பாத்திரத்துக்கு ‘மேனிக் பிக்ஸி டிரீம் கேர்ள்’ என்று பெயர் வைத்தார். அவர் விவரித்தது சரியான தொழிலைத்தான். ஆனால் வைத்த பெயர் ஓர் ஆளுக்கு உரியதாக அமைந்துவிட்டது. சற்றே குறும்பான எந்தப் பெண் பாத்திரத்துக்கும், தனக்கென்று முழு வாழ்க்கையும் விருப்பங்களும் உள்ளவளுக்கும், பின்னர் உயிரோடு இருக்கும் நடிகைகளுக்கும்கூட அதை ஒட்டத் தொடங்கினார்கள். 2014இல் ராபினே அந்தச் சொல்லை உருவாக்கியதற்காக மன்னிப்புக் கேட்டு எழுதினார். சிமோனின் பெயர் இன்றும் பயன்படுகிறது, ராபினின் பெயர் கெட்டுப்போனது. செயலுக்கு வைத்த பெயரைப் பயன்படுத்த அந்தச் செயல் நடந்ததா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஆளுக்கு வைத்த பெயருக்கு முகத்தைப் பார்த்தாலே போதுமானதாகிவிடுகிறது.

மீண்டும் கேம்களுக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கே தொழிலும் தோற்றமும் பிரியும் இடம் எல்லாவற்றிலும் தெளிவாகத் தெரியும். 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ஸில் இளவரசியைத் தேடி ஒவ்வொரு கோட்டையாக முடிக்கும்போது, அவர் வேறொரு கோட்டையில் இருக்கிறார் என்ற செய்தி ஏழு முறை வருகிறது. எட்டாவதில்தான் அவர் கிடைக்கிறார். கதையாகப் பார்த்தால் இது கேலிக்குரியது. ஆனால் மொத்த கேமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்தது. மேகத்துக்கு வரைந்த அதே படத்தை நிறம் மாற்றிப் புதராகவும் பயன்படுத்திய சிக்கனம் அது. ஒரே முடிவை எட்டு முறை செல்லுபடியாக்குவதற்குக் கதையிடம் கேட்ட உதவியே அந்தச் செய்தி.

1997இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 7’இல் நாயகனோடு வரும் ஏரித் என்ற பெண் கொல்லப்படும் காட்சியைப் பற்றி ஆட்டக்காரர்களிடையே ஒரு பழைய நகைச்சுவை உண்டு. சண்டையில் விழுந்தவர்களை எழுப்பும் ‘ஃபீனிக்ஸ் டவுன்’ என்ற பொருள் பையில் கட்டுக்கட்டாக இருக்கும்போது ஏன் ஒருவரும் ஏரித்துக்கு ஒன்றை எடுத்துக் கொடுக்கவில்லை? கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்மையில் ஒரு நுட்பமான ஒப்பந்தத்தைத் தொட்டுவிடுகிறார்கள். சண்டையில் வரும் சாவு ஆட்டத்தின் கணக்கு, காட்சியில் வரும் சாவு கதையின் கணக்கு. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தாலும் ஒன்றின் நாணயம் மற்றொன்றில் செல்லாது. அந்த ஒப்பந்தத்தைப் பல மணி நேரம் மறக்கவைத்துவிட்டுத் திடீரென நினைவுபடுத்தியதால்தான் அந்தச் சாவு அவ்வளவு பேரை அடித்தது என்று நினைக்கிறேன்.

இப்போது நடந்துகொண்டிருக்கும் சச்சரவு மஞ்சள் வண்ணத்தைப் பற்றியது. ஏறக்கூடிய பாறை, உடைக்கக்கூடிய பெட்டி ஆகியவற்றின்மீது மஞ்சள் பெயின்ட் பூசி வழிகாட்டுவது 2023இல் ‘ரெசிடென்ட் ஈவில் 4’இன் மறு ஆக்கத்தின்போதும், 2024இல் ‘ஃபைனல் ஃபேன்டசி 7 ரீபர்த்’தின் முன்னோட்டம் வந்தபோதும் பெரும் வாக்குவாதமாயிற்று. யார் இந்தக் காட்டுக்குள் வந்து பெயின்ட் அடித்தார் என்பது ஒரு தரப்பின் கேள்வி. ‘மஞ்சள் பெயின்ட்’ என்ற பெயரும் நிலைத்துவிட்டது. நிறத்துக்கு வைத்த பெயராதலால் அது வாதத்தையும் நிறத்தின்மீதே நிறுத்திவிட்டது. 2008இல் வந்த ‘மிரர்ஸ் எட்ஜ்’ இதே வேலையைச் சிவப்பால் செய்தது. வெள்ளை வெளேரென்ற நகரத்தில் ஓட வேண்டிய பாதை மட்டும் சிவந்து தெரியும், அது நாயகியின் பயின்ற பார்வை என்று கதையும் விளக்கம் தந்தது. பெரும்பாலோருக்கு அது அழகாகவே பட்டது. இரண்டுக்கும் பின்னால் இருக்கும் தேவை ஒன்று: காட்சிகளில் நுணுக்கம் கூடக்கூட, ஏறக்கூடிய பாறைக்கும் வெறும் பாறைக்கும் வேறுபாடு தெரியாமல் போகிறது. கண்பார்வை குறைந்தவர்களுக்கு அந்த வண்ணம் ஆடுவதற்கான வழியே ஆகிவிடுகிறது.

என் நோட்டில் இதை ‘வழிக்குறி’ என்று எழுதி, அடியில் சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். இந்த வேலை யாருக்காக நடக்கிறது என்பதையும் எழுதப் போனபோதுதான் ஒரு சிக்கல் எழுந்தது. 2018இல் வந்த ‘ஷேடோ ஆஃப் த டூம் ரைடர்’ சண்டையின் கடினத்தையும் வழிதேடலின் கடினத்தையும் தனித்தனியே தேர்ந்தெடுக்க விட்டது. வழிதேடலைக் கடினமாக்கினால் பாறைகளிலிருந்த வண்ணக்குறி மறைந்துவிடும். ‘மிரர்ஸ் எட்ஜ்’ஜிலும் சிவப்பை நிறுத்திவைக்க முடியும். துறைக் குறிப்பு எழுதியவர்களும் சரி, பிராப்பும் சரி, கேட்பவர் வேண்டாமென்றால் அணைத்துவிடக்கூடிய ஒரு மரபை எதிர்கொண்டதில்லை. அப்படிப்பட்டவற்றுக்கென்று தனியே ஒரு பக்கம் ஒதுக்குவதா, அல்லது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘அணைக்கலாம்’ என்று ஒரு குறி போட்டால் போதுமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.